கொங்கு வாசகர் உலகப் பயண நூல்களுக்குள் நுழைய ஒரு வழித்துணை

பயண நூல் படிக்க ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே மார்க்கோ போலோ மாதிரி ஒரு பெரிய பெயரைப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்ப்பெயர்கள், யாரென்று தெரியாத அரசர்கள், கணக்குப் புரியாத தூரங்கள் என்று போகப் போகக் கண் சொருகிவிடும். வரிசையை மாற்றினால் அதே புத்தகம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம், பொள்ளாச்சி என்று நம் பக்கத்தில் இருக்கிற ஒருவர் பயண இலக்கியத்துக்குள் புதிதாக நுழைவதற்கு எந்த வரிசை நல்லது என்று இங்கே சொல்கிறேன். கையில் ஒரு பென்சில், ஒரு பள்ளிக்கூட அட்லஸ், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதல் புத்தகம் நம் மண்ணைப் பற்றியதாக இருக்கட்டும்

தூர தேசம் போவதற்கு முன்னால், நம் ஊர் இன்னொருவருக்குத் தூர தேசமாக இருந்த காலத்தைப் படியுங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். நமக்கு நன்றாகத் தெரிந்த மண்ணை ஒரு வெளியாள் எப்படிப் பார்த்தார், எதைச் சரியாகப் பிடித்தார், எதைக் கோட்டைவிட்டார் என்பதை நம்மால் சோதித்துப் பார்க்க முடியும். திபெத்தைப் பற்றியோ காங்கோவைப் பற்றியோ படிக்கும்போது அந்த வசதி இருக்காது. அதனால் சோதிக்கிற பழக்கத்தை இங்கேயே வளர்த்துக்கொண்டு போவது நல்லது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. புதிதாகக் கிடைத்த சீமையில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், யார் யார் வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுதிவரச் சொல்லி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு ஒரு மருத்துவரை அனுப்பினார். ஸ்காட்லாந்துக்காரரான அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். 1800-இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கொங்கு, மலபார், கன்னடக் கரை என்று சுற்றி எழுதிய குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. ஈரோடு, தாராபுரம், கோவை எல்லாம் அதில் வருகின்றன. ஆங்கிலம் பழையதுதான், ஆனாலும் நாட்குறிப்பு நடை என்பதால் பிடிபடும். ஊர்ப்பெயர்களை எழுதியிருக்கிற விதம் விநோதமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் ‘அட, நம்ம ஊரு’ என்று தெரிந்துவிடும்.

மூன்று தொகுதிகளையும் முழுதாகப் படிக்க வேண்டாம். உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ வருகிற பத்து இருபது பக்கத்தைத் தேடி எடுங்கள். பென்சிலால் மூன்று விதமான குறி போடுங்கள். கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தால் ஒரு கோடு. யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருந்தால் ஒரு வட்டம். அவராக ஒரு முடிவுக்கு வந்து தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒரு பெருக்கல் குறி. கிணறு, மண், தறி என்று கோடு விழுந்த இடங்கள் பெரும்பாலும் நம்பும்படியாக இருக்கும். சாதி வழக்கங்கள், பழைய கதைகள் எல்லாம் வட்டத்துக்குள் போய்விடும். சொன்னவர் யார், மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்க வேண்டிய இடங்கள் அவை. ‘இந்த மக்கள் சோம்பேறிகள்’, ‘இந்த விவசாயம் மோசம்’ என்பது போன்ற வரிகள் எந்தப் பயண நூலில் வந்தாலும் பெருக்கல் குறிதான்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வரி வசூலிக்கப்போகிற கம்பெனியின் ஆள் பல்லக்கும் பரிவாரமுமாக வந்து இறங்கி, ‘உங்கள் காட்டில் வருஷத்துக்கு எவ்வளவு விளைகிறது?’ என்று கேட்டால், பண்ணையம் பார்க்கிற ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பாரா? இந்தச் சந்தேகம் ஒருமுறை மனசில் விழுந்துவிட்டால், அப்புறம் உலகத்தின் எந்த மூலையைப் பற்றிய நூலைப் படித்தாலும் பதில் சொன்னவரின் நிலைமையையும் சேர்த்தே யோசிப்பீர்கள்.

புக்கானன் பிடித்துப்போனால் 1887-இல் பிரிட்டிஷ் அதிகாரி நிக்கல்சன் தொகுத்த கோவை மாவட்ட மானுவல் என்ற விவரத் தொகுப்புக்குப் போகலாம். அதற்கும் ரொம்பப் பின்னால் போக விரும்புகிறவர்களுக்கு ரோமானியர்கள் இருக்கிறார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலையும், காங்கேயம் பக்கம் பச்சைக்கல் எடுத்த படியூரையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பச்சைக்கல் இந்தியாவில் கிடைப்பதாகவும், இந்தியாவோடு நடக்கிற வியாபாரத்தால் வருஷந்தோறும் ரோமின் பணம் கரைவதாகவும் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் பிளினி. அவர் இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் சொன்னதைக் கேட்டு எழுதினார். நம் குறிகளின்படி அத்தனையும் வட்டம். ஆனாலும் வெள்ளலூரிலும் கட்டாங்கண்ணியிலும் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அந்த வட்டத்துக்குச் சாட்சி சொல்கின்றன. பதிற்றுப்பத்து கொடுமணத்தின் வேலைப்பாடு மிக்க அருங்கலங்களைப் பாடுகிறது. வெளியாள் எழுதியது, உள்ளூர்ப் பாட்டு, மண்ணுக்குள் கிடைத்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வாகான இடம் நமக்குக் கிடைக்காது.

இரண்டாவது: உங்கள் கைக்குத் தெரிந்த தொழிலைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள்

‘எந்த நாட்டைப் பற்றிப் படிக்கலாம்?’ என்று கேட்பதைவிட ‘எனக்கு எந்த வேலை தெரியும்?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல தொடக்கம். நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை வேறொரு நாட்டுக்காரர் எப்படிச் செய்கிறார் என்று படிக்கும்போது தூக்கமே வராது.

மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவரா? தெற்கு சூடானின் நூயர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சர்ட் 1940-இல் வெளியிட்ட நூலைத் தேடுங்கள். வாலிபப் பருவத்துக்கு வரும் பையனுக்கு ஒரு காளை கிடைக்கும். அதன் நிறத்தையும் சாயலையும் ஒட்டிய பெயரையே அவன் தனக்கும் வைத்துக்கொள்வான். மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் அவர்களிடம் அத்தனை சொற்கள். மயிலை, செவலை, காரி என்று காங்கேயம் மாட்டை நிறம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த அத்தியாயம் வேறு மாதிரி ருசிக்கும். பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கிறவர்கள் சிரமப்பட்டுப் புரிந்துகொள்கிற பக்கங்களை, கண்ணபுரம் சந்தைக்குப் போய்வந்த ஒருவர் சட்டென்று பிடித்துக்கொள்வார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

வால்பாறை, நீலகிரிப் பக்கம் தேயிலையோடு புழங்குகிறவர்களுக்குத் தாவரவியலாளர் ராபர்ட் பார்ச்சூன் சரியான ஆள். 1848-இல் கம்பெனி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. சீன உடை போட்டுக்கொண்டு, வெளிநாட்டார் போகக்கூடாத தேயிலை மலைகளுக்குள் போய், செடிகளையும் விதைகளையும் எடுத்து இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பிவைத்தார். சாகசக் கதையாகவும் படிக்கலாம், ஒரு நாட்டின் தொழில் ரகசியத்தை இன்னொரு நாடு எடுத்துக்கொண்ட கதையாகவும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் படித்துப் பார்க்கச் சொல்வேன்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர்களுக்குப் பசிபிக் தீவுகள். அங்கே போகிறவர்கள் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் எழுதிய டிரோபிரியண்ட் தீவுகள் பற்றிய நூலைத் தவிர்க்க முடியாது. நியூ கினிக்குக் கிழக்கே வட்டமாகக் கிடக்கும் தீவுகளுக்கு நடுவே சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையில் சுற்றிவரும். வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த்திசையில் சுற்றிவரும். அதற்குக் ‘குலா’ என்று பெயர். எதையும் யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. கைமாற்றிவிட வேண்டும், யாருக்கு யார் கொடுத்தார் என்பது மட்டும் பேசப்பட்டுக்கொண்டே இருக்கும். உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்து இதைச் செய்கிறார்கள். கல்யாண மொய் நோட்டைப் பத்திரமாக எடுத்துவைத்து, இருபது வருஷம் கழித்தும் புரட்டிப் பார்க்கிற நம் வீடுகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மொய் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் போய்த் திரும்புகிறது. குலாவோ பல தீவுகளைச் சுற்றிக்கொண்டு வருகிறது, கொடுத்தவருக்கே நேராகத் திரும்பாது. ‘நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது’ என்று முதலில் தோன்றும். ‘எங்கே மாறுகிறது?’ என்று உடனே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். தூரத்து மக்களைப் பற்றிப் படிப்பதில் பாதி வேலை இந்த இரண்டாவது கேள்விதான்.

தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு

ஆங்கிலம் வராது என்பதற்காக நிற்க வேண்டியதில்லை. நம் மொழியில் பயண எழுத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது, அதில் கோவைக்கும் பங்குண்டு. கோவையில் பத்திரிகை நடத்திய சே. ப. நரசிம்மலு நாயுடு வடநாடு சுற்றிவந்து ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்ற நூலை 1889-இல் வெளியிட்டார். ரயில் பயணம் புதிதாக இருந்த காலத்தில் ஒரு கோவைக்காரர் காசியையும் கல்கத்தாவையும் எப்படிப் பார்த்தார் என்பதைத் தெரிந்துகொள்ளவே அதைத் தேடிப் படிக்கலாம். நடை கொஞ்சம் வடமொழி கலந்தது, மெதுவாகப் போக வேண்டும்.

தொடங்குகிறவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது ஏ. கே. செட்டியார். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகைச் சுற்றிப் படச்சுருள் சேகரித்து 1940-இல் அதை வெளியிட்டவர் அவர். சின்னச் சின்ன வாக்கியம், தற்பெருமை இல்லாத எழுத்து, எதிரில் வந்த மனிதர் மேல் மரியாதை. ஒரு நாட்டுக்குப் போனால் மாளிகையைவிடக் கடைக்காரரையும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் கவனிக்கிறவர். பயண எழுத்தாளரை எடைபோட அவரையே ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. பவானி, ஈரோடு, கொடுமுடி வழியாக ஓடுகிற நம் ஆற்றை அதன் தலையிலிருந்து கடல்வரை பின்தொடர்கிற புத்தகம். தி. ஜானகிராமன் ஜப்பான் போய்வந்து எழுதிய ‘உதய சூரியன்’ கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம் ராகுல் சாங்கிருத்யாயன். திபெத்துக்குப் பலமுறை போய்ப் பழைய பனையோலைச் சுவடிகளைக் கண்டெடுத்த மனிதர். ஊர்சுற்றுவதற்கென்றே அவர் எழுதிய நூல் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்று தமிழில் வந்திருக்கிறது. இளவட்டங்கள் கையில் கிடைத்தால் வீட்டில் இருக்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

மூன்றாவது: அட்லஸைத் திறந்து, நம் ஊரை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்

வரைபடம் இல்லாமல் பயண நூல் படிக்காதீர்கள். போனில் பார்ப்பதைவிடக் காகித அட்லஸ் நல்லது. பென்சிலால் வழியை வரைந்துகொண்டே போகலாம், முழுத் தூரமும் ஒரே பார்வையில் தெரியும்.

முதலில் அட்லஸில் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். நம் கரூர், நாமக்கல், சேலத்தை ஒட்டியே அது போகும். விரலை வைத்து வடக்கே கொண்டுபோனால் ஆக்ரா, அப்புறம் டேராடூன். 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் முதல் அடிக்கோட்டை அளந்து லாம்டன் தொடங்கி, எவரெஸ்ட் என்ற அதிகாரி இமயமலை அடிவாரம்வரை கொண்டுபோய் முடித்த பெரிய நில அளவை இந்தக் கோட்டை ஒட்டித்தான் நடந்தது. உலகத்தின் மிக உயரமான சிகரத்துக்குப் பெயர் வந்த வழியும் அதுதான்.

அடுத்தது உயரம். பயண நூல்களில் ‘பத்தாயிரம் அடி’ என்று வரும்போது நம் மனசில் எதுவும் எழுவதில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஊட்டி ஏறக்குறைய 2,240. தொட்டபெட்டா 2,637. இந்த மூன்று எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். தென் துருவம் 2,835 மீட்டர். அதாவது அங்கே முதன்முதலில் போன அமுண்ட்சனும் அவருக்குப் பின்னால் போன ஸ்காட்டும் பனியைக் கடந்துபோய் நின்ற அந்தத் தட்டையான வெள்ளைவெளி தொட்டபெட்டா உச்சியைவிட உயரம். லாசா 3,650 மீட்டர். இது தெரிந்த பிறகு, மூச்சு வாங்கியது, தலை வலித்தது என்று அவர்கள் எழுதுகிற வரிகள் வேறு மாதிரி கேட்கும்.

தூரத்துக்குக் கோவையிலிருந்து சென்னைவரை 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் சொல்வது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். துருவப் பயணியான ஷாக்கிள்டனின் கப்பல் என்டூரன்ஸ் 1915-இல் அண்டார்டிகாவின் பனியில் நசுங்கியது. 28 பேர் மாட்டிக்கொண்டார்கள். உதவி தேடி அவரும் ஐந்து பேரும் சுமார் 7 மீட்டர் நீளமே இருந்த படகில் 800 கடல் மைல் கடந்தார்கள். கோவைக்கும் சென்னைக்கும் நடுவில் மூன்று தடவை போகிற தூரம், உலகிலேயே கொந்தளிப்பான கடலில். அந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தக் கப்பல் 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

குளிரைப் பற்றி ஒன்று. பழைய நூல்களில் பாரன்ஹீட் இருக்கும். மைனஸ் 40 என்பது மட்டும் இரண்டு அளவிலும் ஒன்றே, அதை அடையாளக் கல்லாக வைத்துக்கொள்ளலாம். தென்கோளத்தில் பருவம் தலைகீழ் என்பதும் மனசில் இருக்கட்டும். டிசம்பர் அங்கே கோடை, தென் துருவப் பக்கம் பொழுதே சாயாது. நமக்கு வெயில் ஏறுகிற மார்ச்சில் அங்கே குளிர் இறங்கிவிடும். தென் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட் ஏன் மார்ச்சில் செத்துப்போனார் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

நான்காவது: எப்போது எழுதினார், யார் காசில் போனார்

முன்னுரையைப் படிக்கும்போது இரண்டே கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, போன இடத்திலேயே எழுதினாரா, திரும்பி வந்து நினைவிலிருந்து சொன்னாரா? மார்க்கோ போலோ 1271-இல் வெனிஸை விட்டுக் கிளம்பி 1295-இல் திரும்பினார். அப்புறம் ஜெனோவாவில் சிறையில் இருந்தபோது, கூட இருந்த ருஸ்டிசெல்லோ என்ற கதை எழுத்தாளர் கேட்டு எழுதியதுதான் புத்தகம். தமிழ்நாட்டின் முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் அதில் வருகின்றன, கூடவே கதைச்சரக்கும் வருகிறது. 1325-இல் மொராக்கோவின் டான்ஜியரிலிருந்து 21 வயதில் கிளம்பிய இப்னு பதூதாவும் திரும்பிப்போய்ச் சொல்லித்தான் எழுதவைத்தார். மதுரை சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் அக்கா தங்கை என்பதால் மதுரைக் காட்சிகளை உள்ளிருந்தே சொல்கிறார். சுல்தானின் கொடுமைகளை மறைக்கவும் இல்லை. ஆனால் டமாஸ்கஸ் பற்றிய பகுதிகளில் முந்தைய பயணி ஒருவரின் எழுத்து அப்படியே வருகிறது. இதனால் அவரைத் தூக்கிப்போட வேண்டாம். எங்கே கோடு, எங்கே வட்டம் என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

இரண்டாவது கேள்வி காசு. அரசாங்கமா, பத்திரிகையா, மிஷனா, சொந்தப் பணமா? செலவு செய்தவருக்கு என்ன தேவைப்பட்டதோ அது புத்தகத்தில் கூடுதலாக இருக்கும்.

மாலினோவ்ஸ்கி பற்றி இன்னொரு தகவல். அவர் தீவுகளில் இருந்தபோது எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு, அவர் இறந்த பிறகு 1967-இல் வெளியானது. நூலில் அத்தனை பொறுமையோடு அந்த மக்களைப் பற்றி எழுதிய மனிதர், நாட்குறிப்பில் அவர்கள் மேல் எரிச்சலைக் கொட்டியிருக்கிறார். நூலின் மதிப்பு எனக்கு இதனால் குறைந்துவிடவில்லை. அச்சில் வந்த அமைதியை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது: ஒரே வழியை இரண்டு பேர் எழுதியதைப் படியுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. இங்கே அவசரப்படாதீர்கள்.

தென் துருவத்தை எடுத்துக்கொள்வோம். நார்வேக்காரரான அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-இல் போய்ச் சேர்ந்தார். ஸ்காட்டும் நால்வரும் 1912 ஜனவரி 17-இல் போய், அங்கே நார்வேக் கொடியைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். அமுண்ட்சனின் நூலைப் படித்தால் சாதுவான ஒரு தொழில்காரரின் குரல் கேட்கும்: நாய் வண்டிகள், நாய்களில் சிலவற்றைக் கொன்று மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் இறைச்சி, பனிச்சறுக்கில் தேர்ந்த ஆட்கள், வழியெங்கும் குறி நட்ட உணவுக் கிடங்குகள். ஸ்காட்டின் நாட்குறிப்பில் குதிரைகள் சாகின்றன, மோட்டார் வண்டிகள் நின்றுபோகின்றன, கடைசியில் மனிதர்களே வண்டியை இழுக்கிறார்கள். நான்கு பேருக்குத் திட்டமிட்ட கடைசிக் கட்டத்துக்கு ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறார். கடைசி மூன்று பேர் கூடாரத்தில் கிடந்தபோது பெரிய உணவுக் கிடங்கு இன்னும் 18 கிலோமீட்டரில் இருந்தது. கோவையிலிருந்து சூலூர் போகிற தூரம்.

இந்த இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக ஆப்ஸ்லி செர்ரி-கார்ரார்டு 1922-இல் எழுதியதைப் படிக்க வேண்டும். ஸ்காட்டின் குழுவில் இளையவர்களில் ஒருவர். 1911-இன் நடுக்குளிரில், முழு இருட்டில், பென்குயின் முட்டை எடுக்க இன்னும் இருவரோடு போய்வந்தவர். 1912 மார்ச்சில் நாய் வண்டியோடு அந்தக் கிடங்குவரை போய் ஸ்காட்டுக்காகக் காத்திருந்து, வராததால் திரும்பினார். நவம்பரில் கூடாரத்தைக் கண்டுபிடித்த குழுவிலும் இருந்தார். ‘இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருந்தால்?’ என்ற கேள்வி ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. பத்து வருஷம் கழித்து அந்தப் பாரத்தோடு எழுதியது அந்த நூல். ஜெயித்தவர், தோற்றவர், பிழைத்தவர் என்று மூன்று பேரின் வழியாகவும் பார்த்த பிறகு, ‘ஸ்காட் வீரரா, முட்டாளா’ என்று ஒரே வார்த்தையில் கேட்கிறவர்களுக்கு உங்களால் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

கொஞ்சம் லேசான ஜோடி வேண்டுமென்றால், 1935-இல் பீக்கிங்கிலிருந்து காஷ்மீர்வரை சேர்ந்தே பயணம் செய்த பீட்டர் பிளெமிங்கும் எலா மயார் என்ற பெண்மணியும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். பிளெமிங்குக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம், அந்த அம்மாவுக்கு வழியிலேயே தங்கிவிட ஆசை. இருவரும் நடந்தது ஒரே பாதையில்.

காலத்தால் ஒன்றையொன்று திருத்துகிற ஜோடிகளும் உண்டு. 1947-இல் ஹெயர்டால் ஆறு பேராக, பெருவிலிருந்து மரக்கட்டைத் தெப்பத்தில் 101 நாள் மிதந்து பசிபிக் தீவொன்றை அடைந்தார். தென் அமெரிக்காவிலிருந்துதான் அந்தத் தீவுகளில் மக்கள் குடியேறினார்கள் என்று காட்டுவது அவர் எண்ணம். அற்புதமான வாசிப்பு, ஆனால் அந்த முடிவு நிற்கவில்லை; மொழியும் மரபணுவும் ஆசியப் பக்கத்தையே காட்டுகின்றன. 1976-இல் சடவால் தீவின் மாவ் பியாய்லுக் என்ற மாலுமி, கருவி எதுவும் இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்து ஹோக்குலேயா என்ற படகை ஹவாயிலிருந்து தஹிதிக்கு ஓட்டிக் காட்டினார். அந்தத் தீவுகளின் மக்கள் காற்றடித்த பக்கம் போனவர்கள் இல்லை, வழி தெரிந்து போனவர்கள். முதல் கதையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் இந்தப் பெருமை நம் காதுக்கு வராமலே போகும்.

ஆறாவது: கூடப் போனவரைத் தேடுங்கள்

ஒவ்வொரு நூலிலும் சுமை தூக்கியவர் யார், சமைத்தவர் யார், வழி காட்டியவர் யார், பேச்சை மொழிபெயர்த்தவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் ‘பெயர் இல்லை’ என்றே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களை நல்ல வாசகராக்கும்.

கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் 1769-இல் தஹிதியில் ஏறிக்கொண்டவர் துபாயா. பூசாரி, மாலுமி, சுற்றிலுமுள்ள தீவுகளைத் தன் நினைவிலிருந்து வரைபடமாக்கிக் கொடுத்தவர். நியூசிலாந்தில் மாவோரிகளோடு பேச முடிந்தது அவரால்தான். 1770-இல் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்துபோனார். குக்கைப் படிக்கிறவர்கள் துபாயாவையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

நம் நாட்டில் நயின் சிங் ராவத். குமாவுன் மலையில் பிறந்த பள்ளி ஆசிரியர். திபெத்துக்குள் வெள்ளைக்காரர் நுழைய முடியாத காலத்தில் நில அளவைத் துறை அவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. ஒரே அளவாக அடி எடுத்துவைக்கப் பழகி, மைலுக்கு 2,000 காலடி என்று எண்ணிக்கொண்டே லாசாவுக்கு நடந்தார். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணிதான். நூறு காலடிக்கு ஒரு மணி. குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தன. 1866-இல் லாசாவில் இருந்தார். 1877-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. இதே லாசாவுக்கு 1924-இல் ஏழை யாத்திரிகை வேஷத்தில் போய்ச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா டேவிட்-நீலையும் அடுத்து வைத்துப் படித்தால் ஒரு மாதம் போவதே தெரியாது.

புத்தகம் கிடைக்கும் இடங்கள், படிக்கும் முறை

கோவையில் கௌலி பிரவுன் சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகத்தில் தொடங்குங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தந்த மாவட்ட மைய நூலகம். உறுப்பினராவதற்குப் பெரிய செலவில்லை. பயண நூல்கள் ஒரே அலமாரியில் இருக்காது. வரலாறு, புவியியல், வாழ்க்கை வரலாறு என்று சிதறிக் கிடக்கும். நூலகரிடம் தலைப்பைச் சொல்வதைவிட, ‘இந்த நாட்டைப் பற்றி’ என்று கேட்டால் கூடுதலாக எடுத்துக் கொடுப்பார்.

காப்புரிமை முடிந்தவை இணையத்தில் இலவசம். புக்கானனின் மூன்று தொகுதிகளும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. அமுண்ட்சன், செர்ரி-கார்ரார்டு, மார்க்கோ போலோ எல்லாம் புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் கிடைக்கும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் மதுரைத் திட்டத்தையும் தேடுங்கள். தேடும்போது ‘யாத்திரை’, ‘பிரயாணம்’ என்ற சொற்களையும் போட்டுப் பாருங்கள், ‘பயணம்’ என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும்.

பொழுதோட ஒரு மணி நேரம் ஒரே புத்தகம் போதும். சாமான் பட்டியல், காற்று அடித்த திசை என்று வருகிற பக்கங்களை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள். பிறகு திரும்பி வாருங்கள். என்ன சாப்பிட்டார்கள் என்ற பட்டியலில்தான் பல பயணங்களின் முடிவே இருக்கிறது. பல்லீறு வீங்கிச் சாகடிக்கும் ஸ்கர்வி நோய்க்குக் காரணமான வைட்டமின் சி குறைபாடு ஸ்காட்டின் காலத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அடுத்தவர் தீர்ப்பு நம் மனசில் ஏறிவிடும்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா இருக்கிறது, ஜூலையில் கோவை கொடிசியாவில் நடப்பது இருக்கிறது. கூட்டம் குறைவான வேலைநாள் மதியம் போங்கள். மொழிபெயர்ப்பு நூலென்றால் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா, மூலநூல் வெளிவந்த வருஷம் போட்டிருக்கிறதா, வரைபடம் உண்டா, ‘சுருக்கம்’ என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா. பயண நூலைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கூடப் போனவர்களும் சாப்பாடும் வழியும்தான். அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் முழுப் பதிப்பையே வாங்குங்கள், இல்லாவிட்டால் நூலகத்தில் சொல்லிவைத்துக் காத்திருங்கள்.